மன்னிப்புக் கேட்க மறுத்த பபூன் ராக்கப்பன்

திருப்புல்லாணிக்கு மேற்கே, மிளகாய்க் காடுகளை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பிறந்த ராக்கப்பனை அவருடைய காலத்தில் யாரும் வெறும் ராக்கப்பன் என்று சொன்னதில்லை. பபூன் ராக்கப்பன் என்றே சொன்னார்கள். இராமநாதபுரம் சீமையில் ராஜபார்ட் வேஷம் கட்டியவரின் பெயரை மறுநாளே மறந்துவிடும் சனங்கள், பபூனின் பெயரைப் பேரன்மார் காலம் வரை நினைவில் வைத்திருப்பார்கள். ஆயினும் ராக்கப்பனின் அய்யாவுக்கு அந்தப் பட்டத்தில் பெருமை எதுவும் இருக்கவில்லை. "கோமாளிக்கு எவன்லே பொண்ணு கொடுப்பான்?" என்று கேட்டார். வீரலட்சுமியின் தகப்பனார் கொடுத்தார். மிளகாய்க் காட்டைப் பார்த்துத்தான் கொடுத்தாரே தவிர வேஷத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பதை அவரே பின்னாளில் பலர் முன்னிலையில் தெளிவுபடுத்தினார்.

நெடிய உடம்பு, நீண்ட கழுத்து, எந்நேரமும் துக்க வீட்டுக்குப் புறப்பட்டவர் போன்ற முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் எட்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சிரிக்க வைத்தார். மருதுபாண்டி வாத்தியாரின் நாடக செட்டில் அவர் செய்த 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற காட்சி முதுகுளத்தூரிலிருந்து பரமக்குடி வரை பேர் பெற்றது. பெண் எடுத்த வீட்டிலேயே தங்கிவிட்ட ஒருவன் தலையில் சந்தைக் கூடையோடு வருவான். மாமியார் இருமினால் எழுந்து நிற்பான். மாமனார் தும்மினால் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். மிருதங்கக்காரர் கீழே இருந்தபடியே கேள்வி கேட்பார்.

"இது யாரு வீடு?"

"அவுக வீடு."

"அந்தக் கட்டிலு?"

"அவுக கட்டிலு."

"அப்ப பொண்டாட்டி?"

ராக்கப்பன் இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், குரலைத் தாழ்த்துவார். "அதுவும் அவுகளுதுதான். நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த இடத்தில் கூட்டம் விழுந்து புரளும். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதைப்போல ஓர் ஆண்பிள்ளைக்கு இழிவு வேறில்லை என்று எண்ணுகிற ஊர்கள் அவை. நாடகம் முடிந்து பல நாள் கழித்தும், மாமனார் வீட்டில் ஒரு வேளை கூடுதலாகக் கை நனைத்தவனைப் பார்த்து, "நீயும் சும்மாதான் பாத்துக்கிட்டு இருக்கியா?" என்று கேட்பார்கள்.

கீழக்கரைக்கு செட்டு போனது ஐம்பத்தாறில் என்று குடும்பத்தில் சிலர் சொல்வதுண்டு. இளைய மகள் தவழ்ந்துகொண்டிருந்த ஆண்டு என்று வீரலட்சுமி உறுதிபடச் சொன்னமையால் ஐம்பத்தேழு என்று கொள்வதே பொருந்தும். பள்ளிக்கூடம் ஒன்றின் கட்டட நிதிக்காக, கொழும்புக்குத் தோணி விட்டுக்கொண்டிருந்த ஹமீது சுல்தான் என்ற வணிகர் அடுத்தடுத்து இரண்டு நாள் நாடகத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். இரவு இஷா தொழுகை முடிந்ததும் மைதானம் நிறைந்தது. ஒரு பக்கம் தென்னங்கிடுகு கட்டி மறைத்து, அதற்குப் பின்னால் பெண்களுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ராக்கப்பன் சந்தைக் கூடையோடு வந்தார். மாமியாரின் இருமலுக்கு எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமனாரின் தும்மலுக்கு விழுந்தபோது சிறு பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். மிருதங்கக்காரர், "இது யாரு வீடு?" என்றார். ராக்கப்பன் வாயைத் திறக்குமுன் கூட்டத்திலிருந்து ஒருவர் நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொடுத்தார்.

"பொண்ணு வீடுதான். வேற யாரு வீடா இருக்கும்?"

"அந்தக் கட்டிலு?"

"அதுவும் பொண்ணு வீட்டுச் சீருதான்" என்றார் இன்னொருவர், நாடகக்காரருக்கு வசனம் மறந்துவிட்டது போலும் என்ற இரக்கத்துடன்.

மூன்றாவது கேள்விக்கு ராக்கப்பன் சொன்ன பதிலை ஆயிரம் பேர் வாய் திறவாமல் கேட்டார்கள். கடலின் இரைச்சல் மேடை வரை வந்தது. பின்வரிசையில் இளைஞர் சிலர் எழுந்து போனார்கள்.

செட்டில் ஒருவருக்கும் தெரியாத செய்தி அந்த ஊரின் சிறு பிள்ளைக்கும் தெரியும். அங்கே பெண்ணுக்குத்தான் வீடு. மகள் பிறந்தால் தகப்பன் அவளுக்கென்று வீடு கட்டத் தொடங்குவான். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடி வருவான். அவனுடைய வாப்பாவும் அப்படி வந்தவர், வாப்பாவின் வாப்பாவும் அப்படியே. அந்தக் கூட்டத்தின் முன் நின்று வீட்டோடு மாப்பிள்ளையைக் கேலி செய்வது, கிழக்கே சூரியன் உதித்தது என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்து நிற்பதற்குச் சமம்.

மறுநாள் காலையில் ஹமீது சுல்தான் செட்டு தங்கியிருந்த சரக்குக் கிட்டங்கிக்கு வந்தார். மரியாதை குறையாமல் பேசினார்.

"நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு, வாத்தியாரே. பபூன் பேசுனதுலதான் எங்க மாப்பிள்ளைமாரு சில பேருக்கு மனசு சங்கடம். இன்னைக்கு மேடையில பொறுத்துக்கிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போகும்."

"சொல்லிருவாரு, பாய். நானே பக்கத்துல நின்னு சொல்ல வைக்கிறேன்" என்றார் மருதுபாண்டி.

"சொல்ல மாட்டேன்" என்றார் ராக்கப்பன்.

மருதுபாண்டி அவரை முறைத்தார். ராக்கப்பன் ஹமீது சுல்தானிடம் திரும்பினார்.

"நான் யாரையும் ஏசலை, பாய். உங்களைப் பத்தித் தெரியாமத்தான் பேசுனேன். தெரியாததைத் தெரிஞ்சுக்கிறேன், அது என் வேலை. சிரிப்பு வராததுதான் குத்தம்னா அதுக்குண்டான தண்டனைய நேத்தே கொடுத்துட்டீக. ஒரு ஊரே வாயைப் பொத்திக்கிட்டு என்னையப் பாத்துச்சு. அதுக்கு மேல ஒரு பபூனை என்ன செய்ய முடியும்?"

ஹமீது சுல்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி, இன்னைக்கு என்ன செய்யப் போறீக?"

"எனக்கே இன்னும் தெரியாது."

அவர் போனதும் மருதுபாண்டி சுருக்கமாகச் சொன்னார். "இன்னைக்கும் கவுந்துச்சுன்னா அடுத்த ஊருக்கு நான் வேற பபூன் பாத்துக்கிடுவேன், ராக்கு."

ராக்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்கு நடந்தார். டீக்கடை வைத்திருந்த சுஐபு அவரை அடையாளம் கண்டு, கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதிய. நேத்து நீங்க சொன்னதுல எது நகைப்புன்னு நானும் எங்க வீட்டுலயும் ரொம்ப நேரம் பேசிப் பாத்தோம். பொண்டாட்டி வீட்டுல இருக்கிறதா நகைப்பு? நானும் அங்கனதான் இருக்கேன். என் மூத்த லாத்தாவைக் கட்டுன மச்சான் லாத்தா வீட்டுல இருக்காரு. அப்படிப் பாத்தா இந்த ஊரே நகைப்புத்தான்."

"அப்ப இந்த ஊரு எவனைப் பாத்துத்தான் சிரிக்கும்?"

சுஐபு கிளாசைக் கழுவியபடி யோசித்தார். "ஒருத்தன் இருந்தான். வெளியூர்ப் பழக்கத்தைப் பாத்துட்டு வந்து, பொண்டாட்டியத் தன் உம்மா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். ஒரு அடுப்பு, ரெண்டு பொம்பளை. ஒரு நாள் மீன் ஆணத்துல உப்பு கூடிப் போச்சு. உம்மாவைச் சொல்லவும் பயம், பொண்டாட்டியச் சொல்லவும் பயம். நான்தான் ஆக்குனேன்னு சொல்லிட்டான். அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத பய. இன்னும் அவனுக்கு உப்புக்காரன்னுதான் பேரு."

ராக்கப்பன் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய தாயார் சோணையம்மாளும் மனைவி வீரலட்சுமியும் ஏழாண்டுகளாக ஒரே அடுப்படியில் புழங்கி வந்தார்கள். அந்த வீட்டில் குழம்பு கரித்த நாள்களில் அவர் என்ன சொல்லித் தப்பித்தார் என்பதை அவரே அறிவார்.

அன்று மேடைக்கு அவர் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். துண்டைத் தலையில் போட்டால் மாமியார். இடுப்பில் செருகினால் மருமகள். கையில் பிடித்துக்கொண்டு நடுவில் முழித்தால் புருஷன். மருமகள் தண்ணீர்க் குடத்தை இறக்கி மூக்கைச் சிந்துவாள்; இரண்டாவது குடத்தை இறக்கியும் அப்படியே சிந்துவாள். மாமியார் குடத்துக்குள் எட்டிப் பார்த்து, கடல் இதைவிடத் தெளிவாக இருக்குமே என்பாள். கடைசியில் மிருதங்கக்காரர் கேட்டார்.

"இது யாரு வீடு?"

"எங்க வீடு." நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்த அடுப்பு?"

"எங்க ஆத்தா அடுப்பு." நெஞ்சு சற்று இறங்கியது.

"பொண்டாட்டி?"

"அவளும் எங்க ஆத்தாளுக்குத்தான். நான் தாலி கட்டிக் கூட்டியாந்ததோட சரி."

முதலில் கிடுகு மறைப்பு ஆடியது. அதற்குப் பின்னாலிருந்து எழுந்த சிரிப்பு ஆண்கள் பக்கம் தாவி மைதானம் முழுவதும் பரவியது. தங்கள் ஊர் உப்புக்காரனை நினைத்து 'உப்பு, உப்பு' என்று கத்தினார்கள். ஹமீது சுல்தான் இப்போது தாடியைத் தடவவில்லை.

பக்கத்திரையின் ஓரம் நின்ற மருதுபாண்டியின் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கமும் விழவில்லை. "இதுல என்ன இருக்குன்னு சிரிக்கிறாக? எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே?" என்றார்.

"நேத்து அவுகளும் இதையேதான் கேட்டாக, வாத்தியாரே" என்றார் ராக்கப்பன்.

பங்குனியில் ராக்கப்பனின் சொந்த ஊர்க் கோயிலில் அதே செட்டின் நாடகம். பழைய காட்சியைத்தான் செய்ய வேண்டும் என்று மருதுபாண்டி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"எட்டு வருசம் அடுத்தவனைக் காட்டியே சிரிக்க வச்சுட்டேன். நம்ம ஊருல நம்மளைக் காட்டலாம்னு இருக்கேன்" என்றார் ராக்கப்பன்.

"முன் வரிசையில பெரிய மனுசங்க இருப்பாக. பெத்த தாயைக் கேலி பண்ணுனா செருப்பு வரும்."

"சோடியா வந்தா போட்டுக்கிடுறேன்."

துண்டோடு ஏறினார். ஆண்கள் பக்கம் கல்லாக உட்கார்ந்திருந்தது. குடத்துத் தண்ணீரை மாமியார் எட்டிப் பார்த்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ வாயில் முந்தானையை வைத்து அடக்குவது கேட்டது. அடுத்து இன்னொருத்தி. ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததாலேயே அது பெரிதானது. முன்வரிசையிலிருந்து ஊர்த் தலைவர் எழுந்தார்.

"ஏலே ராக்கப்பா, நிறுத்து. பத்து மாசம் சுமந்தவளைச் சந்தியில ஏத்திக் கூத்தடிக்கிறியே. மன்னிப்புக் கேளு."

ராக்கப்பன் துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். "யாருகிட்டங்க? சிரிச்சவுககிட்டயா, சிரிக்காதவுககிட்டயா?"

"அங்கன உக்காந்திருக்காளே உங்க ஆத்தா, அவகிட்டக் கேளு."

கூட்டம் முழுவதும் சோணையம்மாளைத் தேடியது. அந்த அம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பெண்கள் நடுவே இருந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண் நனைந்திருந்தது.

"என்கிட்ட எதுக்குக் கேக்கணும்? அது எங்க மாமியா. அவ நடையேதான், அவ பேச்சேதான். குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாப்பா பாவி. இவன் சின்னப் பிள்ளையில பாத்ததை எப்படி மறக்காம வச்சிருக்கான் பாருங்க."

அதற்குப் பிறகு பெண்கள் பக்கத்தை யாராலும் அடக்க முடியவில்லை. ஆண்களிலும் சிலர் மீசைக்குள் சிரித்தார்கள். தலைவர் நால்வரை அழைத்துக்கொண்டு வெளியேறினார். ராக்கப்பன் துண்டை மறுபடி தலையில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒரு வசனத்தையும் விடாமல் செய்து முடித்தார்.

வீட்டுக்குத் திரும்புகையில் வீரலட்சுமி இளைய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கூட்டத்தில் அவள் சிரித்தாளா என்பது ராக்கப்பனுக்குத் தெரியவில்லை.

"நல்லா இல்லையா?" என்று கேட்டார்.

"அந்த ரெண்டாவது குடத்தை இறக்கையில மருமக மூக்கைச் சிந்துறாளே, அது பொய்யி" என்றாள் வீரலட்சுமி. "முதக் குடத்துக்கு அழுகை வரும். ரெண்டாவது குடத்துக்கு அழுக ஏது நேரம்? பிள்ளை கத்தும், உலை கொதிக்கும். சிரிச்ச எவளும் அங்கன சிரிக்கலை, நீங்க கவனிக்கலை."

காலையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த களத்துக்கே மருதுபாண்டி வந்தார். தலைவர் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அவருகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. அடுத்த ஊருல பழைய மாப்பிள்ளையப் போடு. இல்லைன்னா நீ வர வேண்டாம்."

"போக மாட்டேன், வாத்தியாரே. இதைத்தான் செய்வேன். ஆனா நேத்து மாதிரி செய்ய மாட்டேன். அதுல ஒரு தப்பு இருக்கு. சொன்னவ அந்தா, மிளகா கிளறிக்கிட்டு இருக்கா."

மருதுபாண்டி வீரலட்சுமியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

செட்டு வேறொரு பபூனோடு கிளம்பிப் போயிற்று. ஒரு வாரம் கழித்து ராக்கப்பன், ஆர்மோனியமும் மிருதங்கமும் இல்லாமல், புதுமடத்துக் கடற்கரை மணலில் தனியாக நின்று அந்தக் காட்சியைச் செய்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். மீன் கூடையோடு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். இரண்டாவது குடத்தை இறக்கியபோது அவர் மூக்கைச் சிந்தவில்லை.