பதினொரு சாட்சி

கேன்டீன் பூலோகத்துக்கு அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். பம்பாய் மாட்டுங்காவில் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவன் என்பதால் தாராவியில் எனக்குப் பாதி வக்கீல் என்று பேர். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

பூலோகம் ஏரல் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடம் ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நின்றவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் கான்ட்ராக்டைத் தன் பேரில் எடுத்தார். இரண்டு வருடம், தினமும் எண்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. முதல் வருடம் முடிவதற்குள் நெஞ்சு கெட்டுவிட்டது. கரி அடுப்புப் பக்கம் இனிப் போனால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

நம் ஊர்க்காரன் ஞானராஜ், மீதி வருடத்தைத் தானே நடத்துவதாக வந்தான். லாபம், பொறுப்பு எல்லாம் இனி அவனுடையது என்று ஸ்டாம்புத் தாளில் இரண்டு பக்கம் எழுதினேன். அம்மன் கோவிலில் கற்பூரம் ஏற்றி, ஊர்ச் சங்கத்துத் தலைவர் முதல் சலூன்கடை வெயிலுமுத்து வரை பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தொழிற்சாலை மேனேஜரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தினமும் ஒப்பந்தங்களைத்தானே டைப் அடிக்கிறேன், மண்டையில் என்னதான் இருந்ததோ.

நாலே மாதத்தில் ஞானராஜ் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். தொழிற்சாலை ஆள் நேராகப் பூலோகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றான். திங்கட்கிழமை சாப்பாடு வராவிட்டால் கோர்ட்டு என்றான்.

பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

“உங்களுக்குள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இதில் எங்கள் கையெழுத்து எங்கே? எங்களுக்குப் பூலோகம்தான்” என்று ஹிந்தியில் சொன்னார். வேறு ஆளைக் கூட்டிவந்தால் முறைப்படி மாற்றித் தருவதாகவும் சொன்னார். தாராவி முழுக்க அலைந்தேன். ஞானராஜ் ஓடிப்போன இடம் என்றதும் ஒருவனும் அசையவில்லை.

“நல்லதுக்குத்தான எழுதுனிய. விடுங்க அண்ணாச்சி” என்றார் பூலோகம். நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுபடியும் அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். மனைவி செண்பகவல்லி கூடவே போய் அரிசி களைந்தார், காய் நறுக்கினார். கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் உலைப்பானைக்குப் பக்கத்திலேயே பூலோகம் ரத்தம் கக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது.

மூன்றாம் நாள் செண்பகவல்லி ஒரு தாளோடு என்னிடம் வந்தார். பூலோகத்தை விடுவித்து, மீதி மாதங்களை மனைவி பேருக்கு மாற்றும் தாள். அவரே மேனேஜரிடம் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். மேனேஜர் கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது. படுக்கையில் வாங்கிய பூலோகத்தின் கையெழுத்து கோணலாக இருந்தது.

“இந்தத் தடவ யாரு கையெழுத்தும் விட்டுப்போகலயே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.” சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

மூன்று தடவை வாசித்தேன். ஏதாவது ஒரு பிழை கிடைக்காதா என்றுதான் வாசித்தேன்.

“உங்க கையெழுத்து மட்டுந்தாம்மா பாக்கி.”

அவருக்கு எழுதத் தெரியாது. மைப்பெட்டியைத் திறந்து நானே நீட்டினேன்.