இருபது நிமிடப் பாவம்

“அப்படி என்னடி பாவம் பண்ணுன, இருபது நிமிஷம் சொல்லுற அளவுக்கு?”

அம்மா இதைக் கேட்டபோது அவள் கையில் முருங்கைக்கீரை இருந்தது. கீரையை உருவுகிற வேகத்திலேயே கோபம் எவ்வளவு என்று தெரிந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொண்ணூறுகளின் கடைசி. நான் பாவசங்கீர்த்தனம் செய்ய எடுத்துக்கொண்ட நேரம் பற்றிய செய்தி, நான் கோயிலிலிருந்து வருவதற்குள் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாமியார் ஒரு மரக்கூண்டுக்குள் போய் உட்காருவார். பக்கவாட்டில் கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட மரத்தட்டி. இந்தப் பக்கம் நாம் முழங்காலிட்டு, செய்த பாவங்களைச் சொல்ல வேண்டும். என்ன சொல்கிறோம் என்பது வெளியே யாருக்கும் கேட்காது. எவ்வளவு நேரம் சொல்கிறோம் என்பது மட்டும் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு நிமிடம் என்றால் சின்னப் பொய், வீட்டில் சண்டை. ஐந்து நிமிடம் என்றால் சொத்துத் தகராறு. பத்து நிமிடம் தாண்டினால் வரிசையில் ஜெபமாலை உருட்டுகிற விரல்கள் நின்றுவிடும். நான் ஐந்து வாரமாக இருபது நிமிடம். எனக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரச் சித்தி கைக்கடிகாரம் கட்டுகிறவள்.

உண்மையில் பாவம் செய்ய எனக்கு நேரமே கிடையாது. விடிந்தும் விடியாமலும் டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பிறகு நர்சரிப் பள்ளி, யூ.கே.ஜி.யில் நாற்பத்திரண்டு உருப்படிகள். சாயங்காலம் கோயிலில் பாட்டுப் பயிற்சி. அதற்கு மேல் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கல்யாணம் அல்லது பிள்ளைகளின் புதுநன்மை விழா. அதுவும் இல்லையென்றால் தோழிக்குப் புடவை எடுக்க நான் கூடப் போக வேண்டும். நான் வராவிட்டால் அவளுக்கு நிறமே தெரியாதாம். யார் எதைக் கேட்டாலும் என் வாய் “சரி” என்றுதான் சொல்லும்.

ஒரு நாள் வகுப்பில் சாக்பீஸ் உடைந்தது. அழ ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. நாற்பத்திரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்து தன் கர்ச்சீப்பைக் கொடுத்தாள். அதில் அவள் ஏற்கெனவே மூக்குச் சிந்தியிருந்தாள். பரவாயில்லை என்று நானும் துடைத்துக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உடம்பில் ரத்தம் இல்லை என்று அம்மா தினமும் சோற்றுக்கு முருங்கைக்கீரையை வெஞ்சனமாக வைத்தாள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, என் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்க்கலாம் என்றார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றாள் சித்தி. மனசுக்கு ஓய்வு வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் புதிதாக ஓர் உதவிச் சாமியார் வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சனிக்கிழமை போய் முழங்காலிட்டு, “ஒரு மாசம் ஆச்சு ஃபாதர்” என்று தொடங்கினேன். அடுத்து ஒரு பாவம் வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக என் டைம்டேபிள் வந்தது. டியூஷன், யூ.கே.ஜி., பாட்டு, பானிபட் போர், புடவைக்கடை, சாக்பீஸ், கர்ச்சீப் எல்லாம் வரிசையாக வந்தன.

“அப்புறம்?” என்றார் தட்டிக்கு அப்பால்.

அதுவரை என்னிடம் யாரும் “அப்புறம்?” என்று கேட்டதில்லை. “இன்னும் முடியலையா?” என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நான் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில் நான் “அவ்வளவுதான் ஃபாதர்” என்று உரக்கச் சொன்னதும் ஒரு கனைப்பு, பாவமன்னிப்பு, அபராதமாக மூன்று ‘அருள் நிறை மரியே’ ஜெபம். வெளியே வந்தால் தோளிலிருந்து யாரோ குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மாலைப் பூசைக்கு அவர் வந்தபோது இடது கன்னம் முழுக்கத் தட்டியின் கட்டங்கள் பதிந்திருந்தன. காதை ஒட்ட வைத்து இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். அப்படி ஐந்து வாரம் ஆனதும்தான் முருங்கைக்கீரை விசாரணை.

“பாவமே இல்லம்மா” என்றேன்.

“பாவம் இல்லாம இருபது நிமிஷமா? பொண்ணு பாக்க வர்ற நேரத்துல ஊரே நேரம் பாத்துக்கிட்டு நிக்குது. இனிமே ரெண்டு நிமிஷம். அம்புட்டுதான். பெருசா ஏதாச்சும் இருந்தா மதுரைக்குப் போயி சொல்லு. அங்க நம்மள யாருக்கும் தெரியாது.”

எனக்குப் பயமாகிவிட்டது. வாரத்தில் அந்த இருபது நிமிடம்தான் மீதி ஆறு நாளும் என்னை நிற்க வைத்தது. தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த இருபது நிமிடத்தையும் பிடுங்கிவிட்டால் சாக்பீஸ் உடையாமலேயே அழுவேன் என்று தெரியும்.

ஆறாவது சனிக்கிழமை அம்மா கூடவே வந்தாள். அப்பாவின் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தூண் ஓரம் நின்றாள். நான் ஒரு வாரத்துக் கதையை மூச்சு விடாமல் இரண்டே நிமிடத்தில் ஒப்பித்துவிட்டு, மெதுவாக “முடிஞ்சது ஃபாதர்” என்றேன். பதில் இல்லை. தட்டியில் காதை வைத்தேன். குறட்டை. சின்னக் குறட்டைதான், ஆனால் நன்றாகப் பழகிய குறட்டை.

விரலால் தட்டியைச் சுண்டினேன்.

“அப்புறம்?” என்றார் உடனே.

“எத்தனை வாரமா ஃபாதர்?”

“மொத வாரம் பாதி வரைக்கும் கேட்டேன் டீச்சர்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டியைப் பெயர்த்திருப்பேன். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்தார். “விடியக்காலம் இங்க பூசை. அப்புறம் பைக்ல குஜிலியம்பாறைப் பக்கம் மூணு கிராமம். பள்ளிக்கூடம், இளைஞர் குழு, சாவு, வீடு மந்திரிப்பு. யாருகிட்டயும் முடியாதுன்னு சொல்ல வரல. இதுல தபால்ல எம்.ஏ. வேற.”

“என்ன எம்.ஏ.?”

“வரலாறு.” குரல் கம்மியது. “மத்தவங்க ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடுறாங்க. நீங்க வர்ற சனிக்கிழமதான் எனக்குச் செத்த நேரம் கண்ணசர முடியுது. தப்புதான். மன்னிச்சிருங்க.”

ஐந்து வாரமாகத் தூங்குகிற மனிதரிடம் என் துக்கத்தை எல்லாம் சொல்லியிருக்கிறேன். அதிலேயே எனக்குக் குணமும் ஆகியிருக்கிறது. சிரிப்பை அடக்கியதில் முழங்கால் மணை ஆடியது. அம்மாவின் கையிலிருந்த கடிகாரம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் அந்தக் குரலை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

“அப்புறம்?” என்றேன்.

அவர் பேசினார். முடித்துவிட்டு, “எனக்கும் ஒரு அபராதம் சொல்லுங்க டீச்சர்” என்றார். இந்த வாரம் யாராவது ஒருவரிடம் முடியாது என்று சொல்லுங்கள் என்றேன். எனக்கும் அதையே அபராதமாகக் கொடுத்தார். நான் புடவைத் தோழியிடம் சொன்னேன். அவள் தனியாகப் போய் ஒரு கடுகு மஞ்சள் புடவையை எடுத்துவிட்டு இன்றுவரை என்னைத்தான் குறை சொல்கிறாள்.

வெளியே வந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அம்மா தூண் ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்குப் பாவம் என்னோடது இல்லம்மா” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் இன்னும் மோசமானது.

“அடுத்த வாரம் நானே போயி அந்தச் சாமியாரக் கேக்குறேன்” என்றாள்.

சொன்னபடியே போனாள். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் தையல்காரச் சித்தி தன் கடிகாரம் ஓடுகிறதா என்று உதறிப் பார்த்தாள். நாற்பது நிமிடம் கழித்து அம்மா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்க்காமல் வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு சாமியார் எட்டிப் பார்த்தார். இடது கன்னத்தில் கட்டங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன.

பஸ் ஸ்டாப்பில் அம்மா, “நல்ல சாமியாருடி. ஒரு வார்த்த குறுக்க பேசல” என்றாள்.

கன்னத்துக் கட்டங்களைப் பற்றி நான் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, “அப்படி என்ன பாவம்மா, நாப்பது நிமிஷம்?” என்றேன்.

“பாவமா? அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு.” அம்மா சாலையையே பார்த்தாள். “தண்ணி லாரிக்கு நிக்கிறது, ஒங்க அப்பாவோட மூணு ஷிஃப்டுக்கும் மூணு தடவ சமைக்கிறது, நீ அழுதா எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியாம இந்தக் கீரைய வச்சுக்கிட்டு நிக்கிறது. இதத்தான் சொன்னேன்.”

அடுக்களையில் அவள் இதைத் தொடங்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நழுவியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. டவுன் பஸ் வந்து நின்றது. அம்மா ஏறப்போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அப்புறம்?” என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். வீடு வரைக்கும் நடந்தே போனோம்.