நீலக் கண்ணாடியும் என் கண்ணாடியும்

காய்ந்த மிளகாய் பொரிகிற நெடி... அதோடு லேப்டாப்பிலிருந்து கல் உடைக்கிற சத்தம். டொக், டொக், டொக். கொரோனா ஊரடங்கில் எங்கள் வெள்ளவத்தை ப்ளாட்டில் பொழுது இப்படித்தான் விடியும்.

கல் உடைப்பது என் மருமகள் வினோ. மகன் ரகு கட்டாரில். கலியாணம் முடித்த கையோடு போனவன், பிளேன் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிற ஒரு கேமுக்குள் சந்தித்துக்கொள்வார்கள். கொழும்பில் சொந்த வீடு இல்லாத பிள்ளைகள். அதற்குள் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு எழுப்பினார்கள்.

எனக்குப் பிடித்தது கேமில் அவள் ஆள் சுமக்கிற முதுகுப் பை. முதலில் வெறும் தோல் பை. இரும்பு சேர்த்தால் பெரிதாகும், பொன் சேர்த்தால் இன்னும் பெரிதாகும். மலையை அள்ளிப் போட்டாலும் முதுகு வளையாது. ஒருகொடவத்தை ஸ்டோரில் காலமெல்லாம் மூட்டை தூக்கினவன் நான்... வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

“மாமா, உங்களுக்கு அந்த நேரம் இப்பிடி ஒண்டு கிடைச்சிருந்தா?”

“முதலாளி எங்களை வேலையால நிப்பாட்டியிருப்பார் பிள்ளை.”

விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. படித்த வீட்டுப் பிள்ளை, மாமனாரை என்ன நினைப்பாளோ என்று, பேப்பர் வருகிற நாட்களில் கண்ணாடியும் போட்டு, விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பேன். ஒரு பக்கம் திருப்ப எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்றுகூடப் பழகி வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. ரகுவுக்கு லீவு. யன்னல்களுக்கென்று அவன் வாரக்கணக்காக மணல் உருக்கிச் செய்த நீலக் கண்ணாடி முழுதும் வினோவின் பைக்குள். அன்றைக்குப் பொருத்துவதாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

“மாமா, பருப்பைப் பாத்திட்டு ஓடி வாறன். ஏதும் எழுத்து வந்தா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

பையின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம். அதில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. எங்கள் ஸ்டோரில் மூட்டையில் சிவப்புச் சோக்கால் அப்படிக் கீறினால், ‘இது எங்கட, ஒருத்தரும் கை வைக்கக் கூடாது’ என்று அர்த்தம். கண்ணாடியைப் பத்திரப்படுத்துவோமே என்று, வினோ செய்கிற மாதிரியே மவுஸால் இழுத்து அந்தக் கட்டத்தில் விட்டேன். ஏதோ எழுத்து வந்தது. அவளைக் கூப்பிட்டிருக்கலாம்... கூப்பிட்டால் வாசிக்கச் சொல்வாள். அழுத்திவிட்டேன்.

வேண்டாத கல்லையும் மண்ணையும் அழிப்பதற்கு அவள் பையில் புதிதாகச் சேர்த்த வசதியாம் அது.

வினோ வந்து திரையைப் பார்த்தாள்.

“மாமா... கண்ணாடி எங்கை?”

என் கள்ளத்தைப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். வாய் தானாக உளறியது.

“மேசையிலை கிடக்கு பிள்ளை. போட்டாலும்... எனக்கு வாசிக்கத் தெரியாது.”

ஸ்பீக்கரில் ரகுவின் குரல் மெல்ல வந்தது. “அப்பா, அவள் யன்னல் கண்ணாடியைக் கேக்கிறாள்.”

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“விடுங்கோ மாமா. யன்னலாலை கடல் காத்து வரட்டும்.”

அடுத்த முறை பேப்பர் வந்தபோது அவளே எடுத்து விரித்தாள். “எனக்குச் சத்தமா வாசிச்சாத்தான் மண்டையிலை ஏறும்” என்று சொல்லிக்கொண்டு வாசித்தாள். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு பேப்பர் வந்த நாளெல்லாம் அப்படித்தான். மரண அறிவித்தலில் என் கூட்டாளி யாராவது வந்தால் மட்டும் சத்தமில்லாமல் அடுத்த பக்கம் போய்விடுவாள். எனக்குப் படம் பார்க்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டாள், பாவம்.

இப்போது இரண்டு பேரும் கட்டாரில். நான் பேசப் பேச போன் எழுதுகிறது. பேப்பரையும் அதுவே வாசித்துச் சொல்கிறது. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் தனியே இருந்து கூசிப்போகிறேன்.

போன் நன்றாகத்தான் வாசிக்கிறது... செத்துப்போன ஒருவரையும் தாண்டிப் போகாமல்.