பெட்டிக்குள் அடித்த டெலிபோன்

அம்பாளை நம்பியிருக்கும் சகோதரிகளே, இந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து கன்னட நாட்டின் ஆடியான ஆஷாடத்து வெள்ளி ஒன்றை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்காரவும் முடிவதில்லை, நிற்கவும் முடிவதில்லை. அன்று என் மகளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாங்கள் மைசூரில் அக்ரஹாரத்துப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. ஒரே பெண் நித்யா, பத்தாவது படிக்கிறாள். பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தன் தன் பழைய கம்ப்யூட்டரை அவள் படிப்புக்கென்று கொடுத்து, இன்டர்நெட்டும் போட்டுக் கொடுத்தான். அது பாட்டுக்கு அவள் அறையில் இருந்தது. அது படிப்பு சாமான் என்று நான் துணி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை பொட்டும் வைப்பேன்.

எங்கள் பயமெல்லாம் டெலிபோன் மேல்தான். யாரோ கூப்பிட்டு, என் குரலைக் கேட்டதும் பேசாமல் வைத்தார்கள். இரண்டு முறை நடந்தது. இவர் தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி செய்து, டெலிபோனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவருடைய சாப்பாட்டுப் பையில் ஆபீசுக்குப் போய்விடும். "பகல்ல மணி அடிச்சா அடிக்கட்டும். பொண்ணு முக்கியமா, போன் முக்கியமா?" என்றார். நானும் நிம்மதியாக, தினமும் நாலு மணிக்கு அம்மன் கோயிலுக்குப் பூக்கட்டப் போய்வந்தேன்.

பக்கத்து வீட்டு கௌரம்மா ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். "ஏன்ரீ, எங்க அக்கா வீட்டுலேர்ந்து சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ணா எப்பவும் எங்கேஜ்! யார்கிட்ட அவ்வளவு பேசறீங்க?"

"போன் பெட்டிக்குள்ள இருக்கு கௌரம்மா. பேயா பேசும்?" என்று நான் சிரித்தேன். லைன் கோளாறு என்று நினைத்து இவர் புகார் எழுதிக் கொடுத்தார்.

லைன்மேன் வந்தது அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு. சுவரோரமாக ஒயரைத் தடவிக்கொண்டே நித்யாவின் அறைக்குள் போனவர், அங்கிருந்தே சிரித்தார். "அம்மா, லைன் சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு. பெட்டிக்குப் பூட்டு போட்டீங்க. இந்த ஒயருக்குப் போட்டீங்களா?"

டெலிபோன் ஒயரிலிருந்து இன்னொரு ஒயர் பிரிந்து கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. இன்டர்நெட் ஓடும் நேரமெல்லாம் போன் எங்கேஜாக இருக்கும், அதில் டைப் அடித்தே பேசலாம் என்றார். நான் கோயிலில் பூக்கட்டிய நேரமெல்லாம் என் மகள் யாருடனோ பேசியிருக்கிறாள். வாயால் இல்லை, எழுத்தால்.

அவர் போனதும் அவள் மேஜையைக் குடைந்தேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: வெள்ளி, நாலு மணி, பஸ் ஸ்டாண்ட், நீலத் தொப்பி. காலையில் "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும்மா, லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனவள். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடிக்கப் போகிறது.

ஆபீசுக்குச் சொல்லலாம் என்றால் போன் பூட்டிக் கிடக்கிறது. ஓடலாம் என்றால், ஆஷாட வெள்ளி. சாமுண்டி மலைக்குப் போகும் ஜனம் பஸ் ஸ்டாண்டில் கடலாக நிற்கும். அதில் எங்கே தேடுவேன்? விளக்கின் முன் நின்றேன். ஸ்லோகம் ஒன்றும் வாயில் வரவில்லை. "தாயே சாமுண்டி, நான் போய்ச் சேர மாட்டேன். நீ போ. நீ முன்னாடி போ" என்று கத்தினேன்.

செருப்பை மாட்டினேன். போன் அடித்தது.

பெட்டிக்குள் அடிக்கிறது. இழுக்கிறேன், பூட்டு அசையவில்லை. அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. என் உயிரும் அதோடு ஓய்ந்த மாதிரி இருந்தது. சமையல்கட்டுக்கு ஓடி அம்மிக் குழவியைத் தூக்கி வந்தேன். மூன்றாவது அடியில் பலகை பிளந்தது. அந்த நேரம் பார்த்து மறுபடியும் மணி.

"அம்மா..." அழுகை. "அம்மா, பஸ் ஸ்டாண்ட் பூத்துல இருக்கேன். அவன் பதினேழு வயசுன்னு சொன்னான்மா. நீலத் தொப்பியோட நிக்கறது அப்பாவை விடப் பெரிய ஆளு. யூனிபார்ம் போட்ட பொண்ணுங்களை எல்லாம் நிறுத்தி 'நீனா நித்யா'ன்னு கேக்கறான்."

"உன்னைப் பாத்துட்டானா?"

"இல்ல. மலைக்குப் போற லேடீஸ் க்யூல பூந்துட்டேன். ஒரு அம்மா 'பா மகளே, வா'ன்னு முன்னாடி நிறுத்திக்கிட்டாங்க. அவங்கதான் பூத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நீ வா, சீக்கிரம் வா."

ஆட்டோ பிடித்துப் போனேன். பூத்துக்காரம்மா அவளைத் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். வரிசையில் நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்மணி பஸ் ஏறிப் போயிருந்தார். பெயர்கூடத் தெரியாது. அந்த நாளில் அந்த வரிசை அங்கே இல்லாதிருந்தால்? தன்னைப் பார்க்க வந்த கூட்டத்திலேயே அம்பாள் என் மகளை ஒளித்து வைத்தாள். அப்படித்தான் நான் நம்புகிறேன்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். அந்த ஆள் அகப்படவில்லை. கூட்டத்தில் நீலத் தொப்பியைப் பார்த்தால் இன்றைக்கும் நித்யாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்று வீட்டில் நித்யா கேட்டாள்: "பூட்டு போட்டீங்களே, யார்கூடப் பேசறே, என்ன பேசறேன்னு ஒரு நாள் கேட்டியாம்மா?" இவர் பையிலிருந்து சாவியை எடுத்து உடைந்த பெட்டியின் மேல் வைத்தார்.

கொழுந்தன் வந்து கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு மாற்றினான். கண்ட கண்ட பக்கங்கள் வராமல் தடுக்க ஃபில்டர் என்று ஒன்று போட்டான். "இனிமே பயமில்லையாப்பா?" என்றேன். "ஃபில்டர் பாதி வேலைதான் அண்ணி. மீதிக்கு நீங்க பக்கத்துல உட்காரணும்" என்றான். உட்காருகிறேன். பூக்கட்டுவது இப்போது காலையில்.

அடுத்த வெள்ளி, அம்பாளுக்கு நன்றிக் கடனாக நானும் அவளும் மலையின் ஆயிரம் படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறினோம். நான் மஞ்சள், அவள் குங்குமம். நூறு படி வரை அவள் படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல், "மொதல்ல அவன் என்ன எழுதினான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். தன்னிடம் பேச ஆள் இல்லை என்று அவள் எழுதியதுதான் தொடக்கமாம். படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கி அடுத்த படிக்கு மஞ்சள் வைத்தேன். உச்சிக்குப் போகும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

சகோதரிகளே, தாயிடம் கேளுங்கள், முன்னால் போவாள். பிள்ளையிடமும் கேளுங்கள். இன்று சாயங்காலமே கேளுங்கள்.