வழுவழுவென்று வந்த காதுகள்

என் மனைவிக்குக் கால் தரையில் பாவாது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் ‘காற்றாடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்த மகராசன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் களிம்புகளைச் சோதிப்பது அவள் வேலை. மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகள்களில் அடைத்துத் தோல் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். நானோ துகள் என்கிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே பல நூறு துகள்கள் வரிசையாக நிற்குமாம். மனிதத் தோலுக்கு நெருக்கமானது பன்றிக் காதின் தோல். அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியின் வாயில் இழுத்துப் பொருத்தி, மேலே களிம்பைத் தடவி, அடியில் உள்ள நீரில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று பார்ப்பாள். முன்பு முகச் சுருக்கத்துக்கான கிரீம்களைப் பார்த்தாள். ஊரார் சுருக்கத்தையெல்லாம் எடுத்துவிட்டு உன் நெற்றியில் சேர்த்து வைத்திருக்கிறாயே என்று சீண்டுவேன்.

இந்த வருடம் மூட்டுவலிக் களிம்பு வந்தது. அதிலிருந்து வீட்டில் கேலிக்கும் வழியில்லை. அவள் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பின் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. மாத்திரை போட்டால் வலி அடங்கும். ஆனால் அந்த மருந்து பாலில் கலக்கும், அதைப் போட்டால் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு பாலூட்டினாள். தோல் வழியாகப் போகும் மருந்து மூட்டோடு நின்றுவிடும், பாலுக்கு வராது என்பது அக்காவின் கணக்கு. கொஞ்சம் பொறு, நானே ஒரு டப்பா கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மனிதர்கள்மேல் இன்னும் தடவியே பார்க்கவில்லையே என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை.

போன வாரம் முடிவு வந்தது. மருந்து மளமளவென்று இறங்கியிருந்தது. கம்பெனியே தலைகால் தெரியாமல் ஆடியது. இவள் தங்கைக்குப் போன் போட்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து தொடங்கியது குடைச்சல். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“அந்தப் பன்றிக் காதுல முடியே இல்லைங்க. எப்பவும் நான்தான் கத்தரிப்பேன். இந்தத் தடவை வழுவழுன்னு வந்துச்சு. வேலை மிச்சம்னு சந்தோஷப்பட்டேன்.”

மனசு கேட்காமல், காது வாங்கும் பன்றிக் கறிக்கடைக்கே போனாள். நானும் கூடப் போனேன். வழக்கமாகக் காது கொடுப்பவர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் நின்றவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு சுடுதண்ணில முக்கி, சுரண்டிக் குடுத்தேம்மா.”

பாவம், நல்ல மனசு. ஆனால் வெந்த தோல் எதையும் தடுக்காது. எந்தக் களிம்பைத் தடவினாலும் ஒழுகத்தான் செய்யும். அவரைத் திட்டவும் முடியாமல் இவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். பச்சைத் தோலில் மறுபடி சோதித்தார்கள். மருந்து சாதாரணக் களிம்பு அளவுக்குத்தான் இறங்கியது.

தங்கையிடம் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. நேரில் போனோம். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மன்னிச்சுடு என்ற சொல் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. தங்கை வீங்கிய விரல்களை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

“மாத்திரை அலமாரியில இருக்குக்கா. இனிமே வலி தாங்க முடியாது, போட்டுக்கறேன்” என்றாள். குழந்தையின் பக்கம் திரும்பினாள். பிறகு, “அதுக்கு முன்னாடி இன்னும் ஒரு தடவை அவனுக்குப் பால் குடுத்துக்கறேன். என்னால தூக்க முடியல. நீ பிடிச்சுக்கோ.”

என் மனைவி குழந்தையை எடுத்துத் தங்கையின் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் அவசரமே இல்லாமல் குடித்தான்.