பதில் வராத சர்வர்

போன புதன்கிழமை எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஊரிகம் ஸ்டேஷனில் காலை பெங்களூர் ரயிலுக்கு நிற்கிறேன். எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணனும் அவர் மனைவி சரோஜா அக்காவும் வந்தார்கள். அக்காவின் காலைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. செருப்பே நுழையாத அளவுக்கு வீக்கம்.

அக்காவுக்கு வாரம் இரண்டு தடவை பெங்களூரில் டயாலிசிஸ். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்கு மெசேஜ் வரும்.

“இந்த வாரம் மெசேஜே வர்லம்மா. போன் பண்ணா, சிஸ்டத்துல உங்க பேரே இல்லன்றாங்க. நேத்தே போட வேண்டியது, தப்பிப் போச்சி. நேரா போய் உக்காந்துக்கலாம்னு இட்டுக்கினு போறேன்” என்றார் அண்ணன்.

கோபம் வந்ததே எனக்கு! உயிர் விஷயத்தில் இப்படியா அலட்சியம்? வண்டி பெங்களூர் போய்ச் சேரும்வரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அந்த ஆஸ்பத்திரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதே எங்கள் கம்பெனிதான். யாரென்று பிடித்து ஒரு வாங்கு வாங்காமல் விடுவதில்லை என்று ஆபீசுக்குள் நுழைந்தேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும் — கிளவுடில் ஓடும் சர்வர்களை மேய்ப்பது. ஒரு பெரிய கம்ப்யூட்டரை லைன் வீடு மாதிரி தடுத்து, பல குடித்தனம் வைத்திருப்பார்கள்; ஒவ்வொரு குடித்தனமும் ஒரு சர்வர். தேடினால், டயாலிசிஸ் முறை போட்டு மெசேஜ் அனுப்பும் சர்வரைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை அழிக்கப்பட்டிருந்தது. அழித்தது யார்?

நான் எழுதிய ஸ்கிரிப்ட்.

இரண்டு மாதம் முன்பு இதே பத்தியில் இந்தக் குட்டி புரோகிராமைப் பற்றிப் பீற்றிக்கொண்டேனே... சும்மா கிடக்கும் சர்வரைத் தானே கண்டுபிடிக்கும், உரியவருக்கு மெயில் போடும், ஏழு நாளில் பதில் வராவிட்டால் தானே அழித்துவிடும் என்று! அதேதான். வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்யும் சர்வர் அதன் கண்ணுக்கு வாடகைத் தண்டமாகத் தெரிந்திருக்கிறது. மெயில் போனதோ, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவருக்கு. அவர் எங்கே பதில் போடுவது?

மீட்டிங் போட்டார்கள். “ஸ்கிரிப்ட்ல தப்பு இல்லையே. நோட்டீஸ் குடுத்தோம், ரிப்ளை வரல. ப்ராசஸ் கரெக்டா நடந்திருக்கு” என்றார் மேனேஜர். யாரும் அழிக்கவில்லையாம், அதுவாக ‘டெலீட் ஆயிடுச்சாம்’. ஆட்டோமேஷன் என்றால் வேலை தானாக நடக்கும், சரி... பொறுப்பும் தானாகக் கழன்றுகொள்ளுமா? ஆனால் யாரைக் கேட்பது? அந்த ப்ராசஸை எழுதிய மகராசியே நான்தான்.

பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்டுவிட்டேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்து, சாயங்காலம்தான் டயாலிசிஸ் நடந்ததாம்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அண்ணன் சுரங்கம் மூடும்வரை செங்குத்துக் குழியான ஷாஃப்டில் கேஜ் ஓட்டியவர். ஆட்களைப் பூமிக்கடியில் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு அது. நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

“கீழேர்ந்து மணி அடிச்சாதாம்மா நாங்க கேஜை நவுத்துவோம். மணி வர்லன்னா ஆளு இல்லன்னு அர்த்தமா? ஒருத்தன் ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய வெச்சிக்கினு இருப்பான். மணி வர்லன்னா கை வெக்கக் கூடாது. உங்க ஆபீஸ்ல இன்னாடான்னா, மணி வர்லன்னா இழுத்துடுவீங்களா?”

“வுடுங்க, அவளே வந்து சொல்லிட்டாளே” என்றார் அக்கா, படுத்தபடியே. “நீ காபி குடிம்மா, ஆறுது.”

வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்டை மாற்றினேன். பதில் வராவிட்டால் தொடாதே, ஆளைத் தேடிப் பிடித்துக் கேள். மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

“பதில் வராத சர்வரெல்லாம் அப்போ எவ்ளோ நாள் சும்மா ஓடும்?”

“மணி அடிக்கிற வரைக்கும் சார்” என்றேன்.

விழித்தார். பாவம், அவர் ஊரில் ஷாஃப்ட் இல்லை.