குரல் போன மூன்று வாரம்

எனக்கு எடுத்த பாராட்டு விழாவில் வாசிக்கப்பட்ட வாழ்த்துரையை எழுதியவன் நானேதான். கனடாவில், ஸ்காபரோவின் கல்யாண மண்டபங்களில் இருபத்தைந்து வருடம் அறிவிப்பாளனாக நின்றதற்கான விழா. மைத்துனர் வாசித்தார், நான் வெட்கப்படுகிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அதில் ஒலியமைப்பாளருக்கு நன்றி இருந்தது. தொண்டைக்குப் போடும் இஞ்சி இனிப்புக்கும் இருந்தது. கடவுளுக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். நேரம் போதாதென்று அதை வெட்டியவனும் நானே.

இரண்டு மாதத்தில் குரல் கரகரத்தது. மூக்குவழியே கமராவை விட்டுப் பார்த்த வைத்தியர், குரல்நாணில் ஒரு கட்டி என்றார். வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோயாகவும் இருக்கலாமாம். முடிவு வர மூன்று வாரம். அதுவரை ஒரு சொல் பேசக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது.

வீட்டில் இருக்க முடியவில்லை. மில்லிக்கனில் எங்கள் தெருவிலிருந்து பிளாசாவுக்கு நடப்பேன், ஒன்றும் வாங்காமல் திரும்புவேன், மறுபடி நடப்பேன். தொலைபேசியைப் பார்ப்பேன், வைப்பேன், எடுப்பேன். செபிக்கப் பார்த்தால் மனதுக்குள்ளும் அறிவிப்பாளன்தான் எழுந்து நின்றான்: பேரன்பும் பெருமதிப்பும் மிக்க ஆண்டவரே! எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு வரி. ஆண்டவரே, என்னை விட்டுவிடாதேயும்.

எங்கள் தேவாலயப் பங்கில் மரியதாஸ் அண்ணை என்று ஒருவர். மனைவி பிலோமினா தை மாதம் காலமானார். அதன்பிறகு பூசை முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் யாரையாவது பிடித்துக் கதைப்பார். சாட்டுச் சொல்லித் தப்புவதில் நான் கெட்டிக்காரன். பேச்சு நின்ற முதல் ஞாயிறு என்னால் சாட்டுச் சொல்ல முடியவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"கதைக்கக் கூடாதோ? அப்ப வீட்டை வாருமன்," என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

போனேன். அன்பினால் என்று சொன்னால் பொய். என் பதற்றத்தைக் கொண்டுபோய் வைக்க வேறு இடம் இருக்கவில்லை. வாரத்தில் நாலு நாள் அவருடைய தொடர்மாடி வீட்டில் இருந்து கேட்டேன். மனைவி கடைசியாகச் சமைத்த மீன்குழம்பு உறைபெட்டியில் இருப்பதாகச் சொன்னார். டப்பாவின் மேல் பிலோமினாவின் கையெழுத்து. சாப்பிட்டால் முடிந்துவிடும் என்ற பயத்தில் ஐந்து மாதம் தொடவில்லையாம்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழன் மதியம், "நீர் இருக்கிறீர்தானே," என்று அதை எடுத்துச் சூடாக்கினார். இரண்டு கோப்பையில் சோறு போட்டார். முதல் வாய் வைத்ததும் அழுதார். ஆண்டவரே, இந்த மனிதரைத் தேற்றும் என்று மன்றாடினேன். மூன்று வாரத்தில் என் தொண்டையை நான் மறந்தது அப்போதுதான்.

சாப்பிட்டு முடியவில்லை, என் தொலைபேசி அடித்தது. வைத்தியரின் அலுவலகம். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்கிறார்கள். நான் மீன்போல வாயைத் திறந்து மூடுகிறேன். அண்ணை பறித்து, தான்தான் நான் என்று ஆங்கிலத்தில் ஒரு பொய் சொன்னார். பிறந்த திகதி கேட்டார்களாம். கைதுடைக்கும் தாளில் எழுதிக் காட்டினேன். குழம்புக்கறையோடு அதை வாசித்தார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்டும் இல்லையாம். கான்சர் இல்லை. குரலும் வருமாம்."

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரின் நற்செய்தியை நான் அறிவித்திருக்கிறேன். என்னுடையதை, கரகரத்த குரலில், வாயில் சோற்றோடு ஒருவர் அறிவித்தார். நான் முழங்காலில் விழுந்தேன். நன்றி என்று சொல்லக்கூட வாய் இல்லை.

இப்போது எந்த மேடையிலும் முதல் நன்றி ஆண்டவருக்கு. குரல் அவர் தந்தது, நான் அதைக் கொண்டு திரிகிறவன் மட்டுமே. வியாழக்கிழமைகளில் அண்ணை வீட்டுக்குப் போகிறேன். ஒரு முடிவுக்காகக் காத்திருந்து தவிக்கிறவர் யாராவது இதை வாசித்தால், ஆண்டவரை நம்புங்கள். காத்திருக்கும் நாட்களில், தனியே இருக்கும் ஒருவரின் வீட்டு மணியையும் அடித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் போன மாதம் செபக்கூட்டத்தில் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். தேநீர் குடிக்கும்போது மரியதாஸ் அண்ணை பக்கத்தில் வந்தார்.

"எல்லாரும் உமக்குக் குரல் வரவேணுமெண்டு மன்றாடினவை. நான் மன்றாடேல்லை, உண்மையைச் சொல்லுறன். இப்ப பாரும், வீட்டை வந்தா நீர்தான் கதைக்கிறீர்."